வலை கரைக்கு வரும்வரை

காரைதீவுக் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசி இடைவிடாது அதிர்ந்தது. மேடையை விட்டு இறங்கி எடுத்தேன். "மாமா, வாப்பா மௌத்தாகிட்டாரு. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்," என்று தந்தையின் இறப்பைச் சொன்னாள் என் நண்பர் ஆதம்பாவாவின் மகள். நான் மேடைக்குத் திரும்பவில்லை. அடக்கத்துக்காக மையவாடிவரை என்னோடு நடந்த உங்களுக்கு அவரது வலக்கையின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கல்முனையில் ஒரே பாடசாலையில் அவர் புவியியலும் நான் தமிழும் கற்பித்தோம். சுமத்திராவின் வடமுனையிலுள்ள அச்சே கரையே அவரது வாழ்நாள் ஆய்வு. அக்கரையின் மிளகு, மிளகைத் தேடிவந்த கப்பல்கள், கப்பல்களின் பின்னே வந்த ஒல்லாந்தரின் பீரங்கிகள், எரிந்த ஊர்கள் என்று ஓயாது பேசுவார். "ஒரு கரையைக் கொள்ளையடிக்க வாறவன், முதல்ல கயிறு இழுக்கிற கையளத்தான் பிரிப்பான்," என்பார்.

நம் கரையிலும் கைகள் பிரிந்தன. போர்க்காலத்தில் ஒரு மாலை, வயல்வழியில் முஸ்லிம் உழவர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்ற கொடியவர்கள் எங்கள் தமிழர் பக்கத்தார். இதை எந்த மேடையிலும் நான் மறைத்ததில்லை. அச்செய்தி எங்கள் ஊரான பெரியநீலாவணைக்கு எட்டுமுன், விடியலிலேயே மருதமுனை முஸ்லிம் வலைமுதலாளியான சம்மாட்டியின் கரைவலை கடலில் இறங்கிவிட்டது. தெற்குக் கயிற்றில் அவருடைய ஆட்கள். வடக்குக் கயிற்றில் தமிழர் நாங்கள். பாடசாலை மூடிக்கிடந்ததால் நானும் அண்ணன்மாரோடு நின்றேன்.

ஆதம்பாவா மணலில் ஓடிவந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு என்னருகே கயிற்றைப் பற்றினார். அதற்குள் பழிதீர்க்கக் கத்தியும் கோடரியுமாய் மருதமுனைக் கும்பல் சூழ்ந்துகொண்டது. முன்னால் நின்றவன் சம்மாட்டியின் சொந்த மருமகன். கயிற்றை விடச் சொன்னான்.

"விடுறம். வலையை நீரோட்டம் கொண்டுபோனா உன்ட மாமாக்கு நீதான் பதில். முதல்ல வலை கரைக்கு வரட்டும். பிறகு வெட்டு," என்றார் ஆதம்பாவா.

வலை நீரில் இருக்கையில் கயிறு பிடித்தவன்மேல் எவரும் கைவைப்பதில்லை. அது எங்கள் கரையின் முறை. கும்பல் பல்லைக் கடித்தபடி நின்றது. வெட்ட வந்தவன் மீனுக்கு நிற்கிறான் என்று தெற்குக் கயிற்றில் யாரோ எள்ளினார்கள்.

கரைவலை இழுப்பவர் கடலைப் பார்த்தபடி பின்னால் நடப்பார். மேட்டில் கயிறு முடியும் வால்முனையை அடைந்ததும் கயிற்றை விட்டு, மீண்டும் நீரோரம் சென்று பற்றுவார். வால்முனைக்கு வருபவர் திரும்பாமல் வடக்கே நடக்கட்டும் என்று ஆதம்பாவா காதோடு காதாய்ச் சொன்னார். ஒவ்வொருவராய் நழுவினோம். கடலையே பார்த்துநின்ற கும்பலுக்குக் கயிறு தளர்ந்தது மட்டுமே தெரிந்தது. மாமனின் வலை போய்விடுமே என்று கும்பலே கத்திகளை மணலில் குத்திவிட்டுக் கயிற்றைப் பிடித்தது. முகங்களெல்லாம் கடலை நோக்கியிருந்தன. முதுகுக்குப் பின்னால் நாங்கள் உயிர்தப்பிக்கொண்டிருந்தோம்.

என் முறை வந்தது. நான் அசையவில்லை.

"போ மச்சான். உன்ட வாயால இங்க இன்னொரு கலகம் வேணாம். என்னை ஆரு வெட்டப் போறா?" என்று ஆதம்பாவா என்னைத் தள்ளிவிட, நானும் வடக்கே நடந்தேன்.

வெட்டினார்கள். வலை கரையேறியபோது வடக்குக் கயிற்றில் தமிழர் ஒருவருமில்லை. ஏமாந்த வெறியில் மருமகன் கத்தியைப் பிடுங்கி, "துரோகி" என்று வீசினான். தலையைக் காக்க உயர்த்திய வலக்கையின் நான்கு விரல்கள் மீன்களுக்கிடையே விழுந்தன. தெற்குக் கயிற்றார் பாய்ந்து அவனை அமுக்கியிராவிட்டால் தலையும் விழுந்திருக்கும்.

அன்று மாலை எங்கள் ஊர் இளைஞர் வலையும் தோணியும் கிடக்கும் சம்மாட்டியின் வாடியைக் கொளுத்தத் தீப்பந்தங்களோடு திரண்டனர். நான் ஒரு சொல் சொன்னால் போதும். மருத்துவமனையிலிருந்து ஆதம்பாவா ஆள் அனுப்பியிருந்தார்: "வாடி எரிஞ்சா, நாளைக்கு நீங்க எந்தக் கயித்தப் பிடிப்பியள்?" அதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். பந்தங்கள் மணலில் அணைந்தன.

பின்னர் அவர் இடக்கையால் கரும்பலகையில் அச்சே கரையை வரைவார். கோடு கோணும், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒருநாள், "கடலே கோட்டை மாத்திப்போட்டு. நான் கோணலாக் கீறினா என்ன?" என்றார். அன்று எவரும் சிரிக்கவில்லை.

மேடையில் சினம் தலைக்கேறி வலக்கையை ஓங்கும்போதெல்லாம் என் விரல்களைப் பார்க்கிறேன். ஐந்தும் இருக்கின்றன. அவற்றுள் நான்கு அவருடையவை.