பாதிக் குடைமிளகாய்

அந்த எவர்சில்வர் தட்டின் விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். வெள்ளரிக்காய் விரல் நீளத் துண்டுகளாக, குடைமிளகாய் விதை நீக்கிய கீற்றுகளாக, காம்போடு கொத்தமல்லி, முள்ளங்கி இலை, பூசணியில் ஒரு வில்லை, கேரட் மட்டும் சுண்டுவிரல் அளவுக்கு. ஆறு வகை. ஒரு வகை குறைந்தாலும் முதலாளியம்மா தட்டைக் கீழே வைக்க விடமாட்டார். இரண்டு கினிப்பன்றிகளின் காலைச் சாப்பாடு அது. அந்தத் தட்டை நான் எத்தனை நாள் தூக்கிக்கொண்டு நடந்தேனோ, அத்தனை நாளும் என் மனம் ஒரு நிலையில் இருந்ததில்லை.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்கு ஒன்றில் அப்போது வேலை பார்த்தேன். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவோம். முதலாளியம்மாவின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வியாபாரத்தையும் குரங்கணிக்கு மேலே இருந்த தோட்டத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே நடப்பார், நடந்துகொண்டே எங்கள் தட்டுகளில் கை விட்டுக் காய்களைப் புரட்டிப் பார்ப்பார், பாதியில் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். யாருக்காகக் காத்திருக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்ததில்லை.

அவருக்கு ஒரே மகன். ஊரடங்கு நாட்களில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது, மதுரையிலிருந்து இந்த இரண்டையும் வாங்கி வந்திருக்கிறான். ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. வாலில்லாத, உருண்டையான, எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிராணிகள். கனடாவுக்குப் போகும்போது அம்மாவிடம் விட்டுப்போனான். ஒரே காயைப் போடக்கூடாது, நாளுக்கு நாள் மாற்ற வேண்டும், புல் எப்போதும் கிடக்க வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தான். அம்மா அதை வேதம்போலப் பிடித்துக்கொண்டார்.

பிளஸ் டூ முடித்தவள், போனில் படம் எடுத்து அனுப்பத் தெரிந்தவள் என்பதால் இந்தச் சோலி என் தலையில் விழுந்தது. காலையில் உழவர் சந்தைக்குப் போய் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவேன். "இம்புட்டுக்காணு வாங்கி யாருக்குத்தா கொழம்பு வைக்கிற?" என்று ராசிங்காபுரத்துக் காய்க்காரம்மா சிரிக்கும். வந்ததும் அம்மா தானே நறுக்குவார். அவர் போனில் தட்டைப் படமெடுத்து மகனுக்கு நான் அனுப்ப வேண்டும். படம் போன நாளில் மட்டும்தான் அங்கிருந்து பதில் வரும். ஒரு கட்டைவிரல், சில நாள் ஒரு சிவப்பு இதயம். அதை இரண்டு முறை, மூன்று முறை திறந்து பார்த்துவிட்டு, "சரி சரி, தூக்கிட்டுப் போ" என்பார். அம்மா நல்லா இருக்கீங்களா என்று அவன் கேட்டு எழுதியதை நான் கண்டதில்லை.

எனக்கும் அப்போது நான்கு வயது மகள். பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வரும். அரசு மருத்துவமனையில் காட்டினோம். சோறும் ரசமும் மட்டும் போதாது, காய், பழம், கீரை எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். அதே வாரம் முதலாளியம்மாவின் மகன் வீடியோ காலில் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். இந்தப் பிராணிகளின் உடம்பும் நம் உடம்பு மாதிரிதானாம், வைட்டமின் சி தானாக ஊறாதாம், கொடுக்காவிட்டால் ஈறு கெட்டுப்போகுமாம். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். கை கடுத்தது. இறக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. தோட்டத்து ஜீப்பில் வந்த டிரைவர் ஒரு கட்டு இளங்கீரை கொண்டுவந்து, அதுகளுக்குப் போடுங்க என்று நீட்டினார். அம்மா கையால்கூடத் தொடவில்லை. "அங்கன மருந்து அடிச்சிருக்கு. இதுக தாங்காது, தூரப் போடு" என்றார். அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வருவார், சட்டையை எத்தனை முறை அலசினாலும் அந்த வாடை போகாது. அம்மா யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

சீசன் சூடுபிடித்தபோது அம்மாவுக்கு வாசல் பக்கமே நேரம் சரியாக இருந்தது. நறுக்கிக் கொடுப்பார், நான் படமெடுத்துவிட்டு, கிடங்கை ஒட்டிய அவர் வீட்டின் பின்கட்டுக்குத் தட்டைக் கொண்டுபோவேன். ஒருநாள் குடைமிளகாயில் பாதியை எடுத்து என் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினேன். மறுநாள் வெள்ளரியும் பூசணியும். தட்டு வெறிச்சோடக்கூடாதே என்று, சந்தையில் உரித்து வீசியிருக்கும் முட்டைக்கோஸ் மேலிலைகளைப் பொறுக்கி வந்து நிரப்பினேன். அதுகளும் மறுக்காமல் தின்றன. வீட்டுக்குப் போனதும் மகளை மடியில் வைத்து ஒவ்வொரு துண்டாக ஊட்டுவேன். காலையில் அவள் ஈறைத் தூக்கிப் பார்ப்பேன். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே ஓடியது. கிடங்கில் யார் என் பெயரைக் கூப்பிட்டாலும் திடுக்கிட்டேன். எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு காலையில் பழுப்பு நிறத்தது மூலையில் முதுகைக் கூட்டி உட்கார்ந்திருந்தது. பை சரசரத்தால் விசில் அடிப்பதுபோலக் கத்தும் பிராணி, தட்டை வைத்தும் அசையவில்லை. வயிறு மத்தளம்போல உப்பியிருந்தது. அம்மா அதை முந்தானையில் பொதிந்துகொண்டு ஜீப்பில் ஏறினார், என்னையும் ஏறச் சொன்னார். ஆடும் மாடும் நிற்கிற கால்நடை மருத்துவமனையில் மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு என்ன தின்றது என்று கேட்டார். அம்மா ஆறு வகையையும் வரிசையாகச் சொன்னார். அந்தக் குரலில் அழுகையும் பெருமையும் ஒன்றாக இருந்தன. இதில் இப்படி உப்ப வேண்டியதில்லையே என்று மருத்துவர் யோசித்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் வேறெதற்கோ மருந்து கொடுப்பார்.

"முட்டைக்கோஸ் சார். ரெண்டு வாரமா அதான் நெறையா போட்டேன்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். மருத்துவர் ஊசி போட்டு, சொட்டு மருந்து கொடுத்து, புல்லைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று அனுப்பினார். திரும்பும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, பாதிக் குடைமிளகாய், மகளின் ஈறு. அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தார்.

மூன்று நாள் நாங்கள் இருவரும் பின்கட்டில்தான் கிடந்தோம். அவர் பிடித்துக்கொள்ள, நான் சொட்டுச் சொட்டாக வாயில் விடுவேன். வயிற்றை மெதுவாக நீவுவோம். மூன்றாம் நாள் மத்தியானம் அது புழுக்கை போட்டது, பிறகு ஒரு புல்லை இழுத்து மென்றது. அப்போதுதான் அம்மா சுவரில் சாய்ந்தார்.

"பாப்பா தின்னுச்சா?" என்று கேட்டார்.

"மத்ததெல்லாம் தின்னாம்மா. கொடமொளகாயை மட்டும் துப்பிட்டா."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று அதைச் சொல்லிவிட முடியாது.

மறுநாள் என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று தயாராகவே போனேன். எல்லாப் பெண்களும் உட்கார்ந்திருக்க, அவர் என் கையில் இரண்டு பைகளைக் கொடுத்தார். "ஒண்ணு இதுகளுக்கு, ஒண்ணு உன் மகளுக்கு. ரெண்டுக்கும் ஒண்ணுபோல வாங்கு. வெரசா வா" என்றார். அவர் மனதில் அது நல்லதுதான். ஆனால் தினமும் அந்த இரண்டாவது பையோடு முப்பது பேரைத் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு உடம்புக்கு முடியவில்லை என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியனுப்பிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டேன். நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் திருப்பிக் கொடுக்க ஏதாவது இருந்திருக்கும். அந்தப் பைக்கு என்னத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஆதார் திருத்த வரிசையில் அவர் நின்றிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது மகளைத்தான். மூன்றாம் வகுப்பு என்றேன். பழுப்பு போய்விட்டதாம், வயதாகித்தான். வெள்ளை இருக்கிறதாம். மகனுக்குப் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டாராம், அவனும் கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போதும் வாசலைத்தான் பார்த்தார். அவர் விரல் ரேகை இயந்திரத்தில் விழவில்லை. துடைத்துத் துடைத்து நான்கு முறை அந்தக் கையைப் பிடித்து வைத்தேன்.

கிளம்பும்போது, "மகளை ஒருநாள் கூட்டியாத்தா" என்றார்.

கூட்டி வருகிறேன் என்று சொன்னேன். இரண்டு ஞாயிறு போயிற்று. மூன்றாவது ஞாயிறு காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, யார் வீட்டுக்கு, எதற்கு என்று நச்சரித்தாள். தெரிந்தவர்கள் வீடு என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னலைக் கையில் பிடித்தபடியே உள்ளதைச் சொன்னேன். அவள் சின்னதில் தின்ற காய் யாருடையது, அதை நான் எப்படி எடுத்தேன், அந்தப் பிராணிக்கு என்ன ஆனது, எல்லாம்.

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அதுக்கு ரொம்ப வலிச்சிருக்குமாம்மா?"

"வலிச்சிருக்கும்."

"நீ அந்தப் பாட்டிட்ட சாரி கேட்டியா?"

இல்லை என்றேன். அவள் எழுந்து தானே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். நான் வீட்டைப் பூட்டினேன்.