வாசனை வராத வீடு

வீடு பார்க்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது தண்ணீர் வருமா என்று. அடுத்தது, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வேறு ரகம். கோட்டையைப் பார்க்க வந்தோம் என்பார்கள். சரி என்று கோட்டைவாசலை ஒட்டி அறை காட்டினால் முகத்தைச் சுளிப்பார்கள். "சாப்பிடற தெருவுக்குப் பக்கமா ஏதாவது இருக்கா?" என்று இழுப்பார்கள். அறுநூறு வருடக் கோட்டையை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் கையில் ஏதாவது பொட்டலத்தோடு சந்துக்குச் சந்து அலைவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களை வைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இப்படிப்பட்டவர்களையெல்லாம் சமாளித்த என்னைக் கடைசியில் திணறடித்தது சொந்த அக்காதான்.

"ஒரு வாசனையும் வராத வீடாப் பாரு" என்றாள்.

"கழிவுநீர் நாத்தமா?"

"சமையல் வாசனைடா. பக்கத்து வீட்டுத் தாளிப்புகூட உள்ள வரக் கூடாது."

வீட்டுத் தரகன் எத்தனையோ கேட்டிருப்பான். இதை எவனும் கேட்டிருக்க மாட்டான். ஆனால் அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும் என்பதால் நான் சிரிக்கவில்லை.

அக்கா கணவருக்கு மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. பழைய நகரத்தில் அவர் ஏறாத படி கிடையாது. மீட்டரில் எண்ணைப் பார்க்கும்போதே மூக்கு அடுப்படிக்குப் போய்விடும். "பூண்டு கருகுது, பாருங்கம்மா" என்று வாசலில் இருந்தே குரல் கொடுப்பார். யார் வீட்டுக் குழம்பில் புளிப்பு ஏறிவிட்டது, எந்தக் கடைக்காரன் எண்ணெயை மாற்றாமல் ஓட்டுகிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெருவில் அவருக்கு 'மூக்கு சார்' என்று பெயர். மாமா அதைப் பட்டம் போலவே ஏற்றுக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் வீடு பார்த்த கதையை அக்கா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். நான்கு சந்துகள் கூடுகிற இடத்தில் மாமா நின்று கண்ணை மூடிக்கொண்டாராம். ஒரு பக்கம் ரொட்டி அடுப்பு, ஒரு பக்கம் காப்பிக்கொட்டை வறுக்கிற மில், எதிரே மீன் வறுக்கிறவரின் கல், மூலையில் பாகு காய்ச்சுகிற மிட்டாய்க்கடை. நிமிர்ந்து பார்த்தால் மாடியில் ஒரு வீடு காலி. "ஜன்னலைத் திறந்தா நாலு கடையும் நம்ம வீட்டுக்குள்ள" என்றாராம். மாடிக்குத் தண்ணீர் ஏறாது, கீழ்க்குழாயிலிருந்து தூக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். "தூக்கிக்கலாம்" என்றார் மாமா.

தூக்கியது அக்கா. தண்ணீர் வருகிற நேரத்தில் மாமா ரீடிங் எடுக்கக் கிளம்பியிருப்பார். பிறகு அந்த வீட்டையே விலைக்கு வாங்கினார்கள், அப்போதும் தண்ணீர் ஏறவில்லை. அவள் இடுப்பு அந்த மாடிப்படியிலேயே தேய்ந்தது. வாங்கிக் கட்டிக்கொள்வதற்கென்றே பிறந்தவர் போல மாமா அவளுடைய ஏச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு, மாலையில் ஒரு பொட்டலத்தோடு படியேறுவார். தனியாக ஒரு வாய்கூடத் தின்னமாட்டார். பிரித்து அவள் முன்னால் வைத்து, அவள் வாயில் போடுகிறவரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

"எப்படி?"

"உப்பு கம்மி."

எது வாங்கி வந்தாலும் இதே பதில்தான், மிட்டாயைத் தவிர. மிட்டாய்க்கு, "இனிப்பு கம்மி." குடம் தூக்குகிற கோபத்தை அவள் அப்படித்தான் தீர்த்துக்கொண்டாள். "உனக்கு நாக்கு செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு மாமா சந்தோஷமாகச் சாப்பிட ஆரம்பிப்பார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும் இந்தக் கூத்து நிற்கவில்லை.

ஓய்வு பெற்றுச் சாவகாசமாகச் சாப்பிடலாம் என்றிருந்தவருக்கு உணவுக்குழாயில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் ஆள் பிழைத்தார், விழுங்குவது போய்விட்டது. வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். வேளாவேளைக்கு மாவைக் கரைத்து அதன் வழியாக ஊற்ற வேண்டும். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. இனி எப்போதுமே இப்படித்தானா என்று அக்கா கேட்டதற்கு டாக்டர், ஆமாம் என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் ஜன்னல்களைச் சாத்தியது. கதவிடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தாள். அடுப்பில் மாமாவின் மாவைத் தவிர வேறெதுவும் ஏறவில்லை. ஊற்றுவது, துடைப்பது, துவைப்பது, அதற்கெல்லாம் தண்ணீர் தூக்குவது என்று நாள் போனது. மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். உலுக்கினால், தூங்கவில்லை என்பாள்.

ஒரு நாள் மத்தியானம் போனபோது அக்காவைக் காணோம். குளியலறையில் குழாய் சத்தம். அந்த வீட்டில் கீழ்க்குழாயிலிருந்து தூக்கிவந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, தொட்டியில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். தூக்கிய தண்ணீரை இவள் இப்படித் திறந்துவிட மாட்டாளே என்று நினைக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். உதட்டோரத்தில் ரொட்டித் தூள்.

"உள்ள நின்னா சாப்பிட்ட?"

"மெதுவாப் பேசு" என்றாள். "மெல்லுற சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் அவள் என் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்து வந்தாள். "ஜன்னலைச் சாத்தினாலும் வந்துடுதுடா. மில்லுல வறுக்கும்போது பாரு, அந்தப் பக்கமா திரும்பிக் கண்ணை மூடிக்கறார். கண்ணுல தண்ணி வழியுது. சாப்பாட்டுக்காகவே குடிவந்த மனுஷன். அவரை இங்க வெச்சு வாட்டறது பாவம்" என்றாள். அப்போது கேட்டதுதான் வாசனை வராத வீடு.

ஊரையே சல்லடை போட்டுத் தேடினேன். ஒவ்வொரு வீட்டிலும் அக்கா சமையலறைச் சுவரில் மூக்கை வைத்துப் பார்த்தாள். ஒரு வீட்டில் கீழே கூட்டுக் குடும்பம், நாள் பூராவும் அடுப்பு. இன்னொன்றில் எதிரே பள்ளிக்கூடம், அங்கே மத்தியானச் சாப்பாடு. "ஏம்மா, இந்த ஊர்ல எவனும் சாப்பிடாம இருக்கணும்னா எப்படி?" என்று ஒரு வீட்டுக்காரரே கேட்டுவிட்டார். கால் வீங்கிப்போய் நான் கைவிடப்போகும் நேரத்தில், நகரத்துக்கு வெளியே புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்று கிடைத்தது. பாதிக்கு மேல் ஆள் வரவில்லை. லிப்ட் இருந்தது. அக்கா குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. அவள் அதை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மாமாவையும் ஒரு நாள் காரில் கூட்டிப்போய்க் காட்டினோம். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக மூச்சை இழுத்தார்.

"பெயிண்ட்" என்றார். "உனக்குப் பிடிச்சிருக்கா?"

"தண்ணி நல்லா வருதுங்க" என்றாள் அக்கா.

"அப்ப சரி."

முடிந்தது பிரச்சினை என்று நினைத்தேன். பழைய வீட்டின் மீது கண் வைத்திருந்த லாட்ஜ்காரரிடம் அன்றே சொல்லிவிட்டேன். சாப்பாட்டுப் பிரியர்களுக்கென்றே அறைகள் விடுகிற ஆள் அவர். இரண்டு பக்கமும் கமிஷன். மறுநாளே வந்து நின்றார்.

நல்லவர்தான், கொஞ்சம் அவசரக்காரர். உள்ளே வந்ததும், "ஏன் இப்படிப் பூட்டி வெச்சிருக்கீங்க? இந்த வீட்டோட மதிப்பே இதுலதான் இருக்கு" என்று சொல்லி, நாங்கள் தடுப்பதற்குள் ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டார்.

காற்றோடு எல்லாம் உள்ளே வந்தது. அக்கா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"இருக்கட்டும்" என்றார் மாமா.

எழுந்து உட்கார்ந்திருந்தார். "மீன்காரன் கல்லை மாத்திட்டானா?"

அக்கா திகைத்து நின்றாள். "ஆமாங்க. பழசு விரிசல் விட்டுடுச்சுன்னு. நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்போ."

"எனக்கு யாருமே சொல்லல" என்றார் மாமா. அந்தக் குறை அவர் குரலில் உண்மையாகவே இருந்தது. "கல் இன்னும் பழகல. அடிப்பிடிக்குது."

"வாசனை வந்தா உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"கஷ்டமாத்தான் இருக்கு. அழுகையா வருது. அதுக்காக அடைச்சு வெச்சா, அதைவிடக் கஷ்டமா இருக்கு. அந்தப் புது வீட்டுல நாள் பூரா பெயிண்டை மோந்துகிட்டுக் கிடக்கணும்."

"அப்புறம் எதுக்கு சரின்னு தலையாட்டினீங்க?"

"தண்ணி நல்லா வருதுன்னு சொன்னியே. உன்னைக் கேக்காமதான இந்த வீட்டைப் பிடிச்சேன். வாழ்நாள் பூரா உன்னைக் குடம் தூக்க வெச்சேன். கடைசியிலயாவது உனக்குன்னு ஒரு வீடு இருக்கட்டும்னு பார்த்தேன்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் உங்களுக்காகல்ல அதைப் பார்த்தேன்" என்றாள். அழவில்லை. அழுகிற தெம்பு அவளிடம் இல்லை.

"குழாயைத் திறந்து விட்டுட்டு நீ உள்ள நின்னு தின்னுறது எனக்குக் கேட்காதுன்னா நினைச்ச? தினமும் கேட்டுகிட்டுத்தான் படுத்திருக்கேன்" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, "மாப்ள, கீழ போய் மீன் வாங்கிட்டு வா. நல்லா முறுகலாக் கேளு" என்றார்.

லாட்ஜ்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னோடு படியிறங்கி, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இரண்டு பக்கக் கமிஷனும் அவர் பின்னாலேயே போனது. மீன் வறுபடுகிறவரை நின்றேன். அக்கா இனிமேலும் குடம் தூக்கத்தான் வேண்டும், மாவு கரைத்து ஊற்றத்தான் வேண்டும், எதுவும் லேசாகிவிடப் போவதில்லை என்பதை நினைக்க எனக்கே அலுப்பாக இருந்தது. நாளைக்கே ஒரு மோட்டாருக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். இத்தனை வருடம் எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று அக்கா ஒரு நாள் கேட்பாள்.

பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் போட்டுக் கட்டிலுக்கு முன்னால் வைத்தேன். அக்கா தொடவில்லை. மாமா விடவில்லை. கடைசியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். மெல்ல முடியாமல் மென்றாள். எத்தனை மாதம் கழித்துச் சூடாக ஒரு வாய் சாப்பிடுகிறாளோ. மாமா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்குங்க."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. "ஏன், டாக்டர் உன்கிட்ட வேற ஏதாவது சொன்னாரா?" என்றார். "என்னைக்குமில்லாம நல்லா இருக்குங்கற. நான் என்ன சாகவா கிடக்கேன்?"

அக்கா அவரைப் பார்த்தாள். இன்னொரு துண்டை எடுத்து, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"உப்பு கம்மி."

"உனக்கு நாக்கு செத்துப்போச்சு" என்றார் மாமா. "தட்டை இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு வா."