பெரணிக்கு நடுவே எடுத்த அட்டெண்டன்ஸ்

இன்னைக்குக் காலையில பின்பக்க மதில்ல முளைச்சிருந்த பெரணியைப் பிடுங்கிப் போட்டேன். கையில ஒரு பச்சை மணம், ஈரமண் கலந்த மாதிரி... அவ்வளவுதான், தொண்ணூறை நெருங்குற கிழவி நேரா திருவனந்தபுரத்து பாட்டனி லேபுக்குப் போயிட்டேன்.

நான் பாறசாலைக்காரி. அம்பத்து நாலு, திருவிதாங்கூர்ல இருந்த நம்ம தமிழ் தாலுகாவெல்லாம் தமிழ்நாட்டோட சேரணும்னு போராட்டம் நடந்த காலம். அப்போ பி.எஸ்ஸி. படிச்சிட்டிருந்தேன். வகுப்புல பொம்பளப் பிள்ளைங்க மூணே பேரு. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும்தான் எங்க குரல் வெளிய கேக்கும்.

எங்க கிளாஸ்ல தங்கராஜன்னு ஒருத்தன். விளவங்கோட்டுப் பக்கம். அவங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு அவன்தான். கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அந்தப் பாவத்துக்குப் போராட்ட போஸ்டர் எழுதுற வேலை அவன் தலையில விழுந்தது.

போராட்டக்காரங்க மேல துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு போலீஸ் வீடு வீடாத் தேடுச்சு. அவன் அப்பா அம்மா எல்லையில ஆரல்வாய்மொழி தாண்டி, மதராஸ் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. ஹாஸ்டல்லயும் வந்து விசாரிச்சிருக்காங்க. போக இடமில்லாம ஒரு நாள் மத்தியானம் எங்க வீட்டு முன்னால வந்து நின்னான். சட்டை நனைஞ்சு, கையில ரெக்கார்டு நோட்டு மட்டும்...

சர்ச் சபைக் கமிட்டியில இருந்த எங்க அப்பா அவனை உள்ள கூட்டி உக்கார வச்சார்.

"எலே மக்கா, இங்க நின்னா சரிப்படாது. மலையோரம் ஒற்றசேகரமங்கலத்துல எனக்க தங்கச்சி வீடு உண்டு. அங்க போயி இரு."

"மாமா... எனக்க அட்டெண்டன்ஸ்?"

அப்பாவுக்கு வந்ததே கோபம்! "உசிருக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு அட்டெண்டன்ஸாக்கும் பெருசு!"

அவனுக்குப் பெருசுதான். ஏற்கெனவே நாள் குறைஞ்சு போயிருந்தது. இன்னும் நாலு பிராக்டிக்கல் போனா பரீட்சை எழுத விடமாட்டாங்க. ஒரு வருஷம் போகும், கூடவே ஸ்காலர்ஷிப்பும் போகும். அது போனா படிப்பே போச்சு. பஸ்ல வரலாம்னா, போலீஸ் வழியில நிறுத்தி எந்த ஊருன்னு கேக்குறாங்க.

மறுநாள் எங்க பாட்டனி வாத்தியார் குறுப்பு சார் பேர் வாசிச்சார். "தங்கராஜன்..."

நம்ம பயலுவ அவனுக்குப் பதிலா ப்ராக்ஸி கொடுக்குறதா முடிவு பண்ணியிருந்தானுங்க. யார் கொடுக்குறதுன்னு மட்டும் முடிவு பண்ணல! மூணு மூலையிலிருந்து "ப்ரெசன்ட் சார்". நாலாவதா ஒண்ணு... என் வாயிலிருந்து. எப்படி வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிட்டு.

சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். ஆப்சென்ட் போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிட்டார்.

கிளாஸ் முடிஞ்சதும் கூப்பிட்டார். "ஞானம், தங்கராஜன் எவிடே?"

"தெரியாது சார்."

உன் தொண்டைக்குள்ளயா ஒளிஞ்சிருக்கான்னு மலையாளத்துல கேட்டார். எனக்கு அழுகை வந்துட்டு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் உறைச்சுது. ஏன்னா சார் எங்க போராட்டத்துக்கு நேர் எதிர். பாறசாலையும் விளவங்கோடும் மலையாள நாட்டோடதான் இருக்கணும்னு முகத்துக்கு நேரா சொல்ற ஆளு. காட்டிக் கொடுத்துட்டோமேன்னு ரெண்டு நாள் சோறு இறங்கல.

மூணாம் நாள் நோட்டீஸ் போர்டுல ஒரு தாள். நாலு சனிக்கிழமை பிராக்டிக்கல் வெளியில நடக்கும்... பெரணி சேகரிப்பு... இடம், ஒற்றசேகரமங்கலம்.

நாலு வாரமும் ஒரே இடமான்னு பிரின்சிபால் கேட்டாராம். அங்கதான் நல்ல பெரணி கிடைக்கும்னாராம் சார். பிரின்சிபால் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாராம். பியூன் சொன்னது.

முதல் சனிக்கிழமை நெய்யாற்றின்கரையில பஸ்ஸை நிறுத்தினாங்க. ஒரு போலீஸ்காரர் எங்க தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ள ஈரப் பேப்பர், கத்திரி, அவ்வளவுதான். சார் அவருக்கு வேர், தண்டு, இலைன்னு பாடம் எடுக்க ஆரம்பிச்சார். அந்த மனுஷன் பாதியிலேயே "போய்க்கோ போய்க்கோ"ன்னு விட்டுட்டார்!

அத்தை வீட்டுக்குக் கீழ ஒரு ஓடை. கரை முழுக்கப் பெரணி. அங்க ஒரு பாறை மேல ரிஜிஸ்டரை விரிச்சு வச்சு, லேபுல வாசிக்கிற அதே குரல்ல சார் பேர் வாசிச்சார்.

"தங்கராஜன்..."

மேல மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துல இருந்து இறங்கி வந்துட்டிருந்தான். மெலிஞ்சு போயிருந்தான். சார் ரெண்டாவது தடவை கூப்பிட்டார். அப்போ ஒரு கத்தல் கத்தினான் பாருங்க, "ப்ரெசன்ட் சார்!" ஓடைக்கு அக்கரையில மேய்ஞ்ச மாடு தலையைத் தூக்கிப் பார்த்துது.

"மதி, மதி, பதுக்கெ"ன்னு, போதும் மெதுவான்னு சார் அடக்கினார். அவன் பேருக்கு நேரே அழுத்தி ப்ரெசன்ட் போட்டார். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

நாலு சனிக்கிழமையும் போனோம். பிறகு நிலைமை கொஞ்சம் அடங்கிட்டு. தங்கராஜன் பரீட்சை எழுதினான், பாஸானான். கடைசியில எல்லை பிரிச்சப்போ அவன் ஊர் அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குப் போச்சு, எங்க ஊர் இந்தப் பக்கம் கேரளத்துலயே நின்னது. சார் கேட்டதுல பாதி, நாங்க கேட்டதுல பாதி. ரிட்டயர் ஆகுற வரைக்கும் தங்கராஜன் அந்தப் பக்கத்துக் காலேஜ்ல பாட்டனிதான் எடுத்தான். நான் இந்தப் பக்கம் எடுத்தேன்.

இப்போ காலேஜ்ல விரல் வச்சாத்தான் அட்டெண்டன்ஸ். நாலு பேர் சேர்ந்து ப்ராக்ஸி கொடுக்க வழியில்ல. குறுப்பு சாராலயும் மெஷினைப் பாறை மேல தூக்கி வைக்க முடியாது...

போன மாசம், என்கிட்ட படிச்சு இப்போ காலேஜ்ல வேலை பார்க்குற ஷீலா போன் பண்ணினா. சண்டை நடக்குற நாட்டுல இருந்து ஒரு பொண்ணு, பாதி ஆராய்ச்சியோட வந்து நிக்கிறாளாம். அவ படிச்ச யுனிவர்சிட்டி கட்டடமே இப்போ இல்லையாம். "சர்டிபிகேட் இல்லாம எப்படி டீச்சர்? அட்மிஷன் கமிட்டி யோசிக்கணும்னு சொல்லுதாங்க"ன்னா.

"கமிட்டி யோசிக்கட்டும் மக்கா. நீ நாளைக்கே உனக்க கிளாஸ்ல அவளை உக்கார வை. ஒரு நோட்டுல பேரை எழுது. எழுதிட்டு, எல்லாரு முன்னாலயும் கூப்பிடு"ன்னேன்.

நேத்து கமிட்டி அவளுக்கு இடம் கொடுத்துட்டாம். ஷீலா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா. வகுப்பு இரைச்சல், ஷீலா பேர் வாசிக்கிறது... வாய்ல நுழையாத ஒரு பேரை ரெண்டு தடவை கூப்பிடுறா.

அப்புறம் "ப்ரெசன்ட் மேம்!"

நல்ல சத்தம்.