ஓம முடிச்சைப் பிடுங்கியவர்

எழுபதுகளில் சுங்காய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கிளினிக்கில் டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் ஒரு டிரசர் இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, எந்நேரமும் மூக்கடைத்த குரல். கால் முறிந்து போனாலும் அதே சிவப்புத் தண்ணி மருந்தைத்தான் ஊற்றிக் கொடுப்பார். ஆனால் சளிக்காக வறுத்துத் துணியில் கட்டி, பிள்ளையின் சட்டையில் ஊக்கு குத்தித் தொங்கவிட்ட ஓம முடிச்சைக் கண்டால் மட்டும் அவருக்கு விஞ்ஞானம் தலைக்கேறிவிடும். வெடுக்கென்று பிடுங்கி, மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டுவிடுவார்.

"இலை, தழை, ஓமமெல்லாம் அந்தக் காலம்லா. மருந்த நம்பும்மா."

ஒருநாள் மறந்து விட்டுவந்த மருந்துப் போத்தலை எடுக்கத் திரும்பிப் போனேன். லாச்சி திறந்திருந்தது. சற்றுமுன் என் மகனிடம் பிடுங்கிய முடிச்சை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, விஞ்ஞானம் ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"என்னங்கய்யா இது?" என்றேன்.

அவர் அசரவே இல்லை. "ஓமத்த இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்மா."

அடுத்த முறை நன்றாக வறுத்து, பிள்ளைக்கு ஒன்று, அவர் பிடுங்குவதற்கு ஒன்று என இரண்டு முடிச்சு குத்திக்கொண்டு போனேன்.

"நீங்கள்லாம் எப்பத்தான் திருந்தப் போறீங்களோ" என்று திட்டினார். திட்டிக்கொண்டே ஒன்றை மட்டும் பிடுங்கினார்.