இரண்டு வருஷம் கை படாத சாமான்கள்

கீழக்கரையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ராமநாதபுரத்தில் எனக்கு அகப்பட்ட வீட்டில் ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு முற்றம். அவ்வளவுதான்.

முதலில் சாமான்களை எண்ணினேன். மூடி இல்லாத டப்பாக்களும் சேர்த்து நானூற்றுப் பதினொன்று. யாரும் எண்ணுவதில்லை, அதனால்தான் எல்லார் வீட்டிலும் சாமான் பெருகுகிறது. பிறகு ஒரு விதி வைத்தேன். இரண்டு வருஷமாகக் கை படாதது எதுவும் வண்டியில் ஏறக் கூடாது. விற்பது, கொடுப்பது, வீசுவது என்று கூடத்தில் மூன்று குவியல். என் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைத்தான் முதலில் தூக்கிப் போட்டேன். விதி என்றால் எனக்கும் சேர்த்துத்தான்.

பழைய பாத்திரம் எடுக்கும் பாய் வந்தார். குவியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே மூலைக்குப் போய், அங்கிருந்த இரண்டு செம்பு அண்டாக்களையும் விரலால் தட்டினார்.

அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தாள். "அதத் தொடாதீக பாய்."

"ரெண்டு வருஷமா அதுல கை படல," என்றேன்.

"மழ பெஞ்சு ரெண்டு வருஷமாச்சு. அதுக்கு அண்டா என்னங்க செய்யும்?"

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் துவரம்பருப்பு வேகாது. ஐப்பசியில் மழை இறங்கினால் அவள் முற்றத்தில் நான்கு கம்பு நட்டு, வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டுத் தண்ணீர் பிடிப்பாள். அண்டாக்கள் நிரம்பினால் மாசி வரை குடிக்கவும் பருப்பு வேகவும் அதுதான். அவை போய்விட்டால், மழை பெய்தாலும் தண்ணீர் வண்டிக்காரனிடம் குடம் குடமாக வாங்க வேண்டியதுதான்.

பாய் சிரித்தார். "அம்மா சொல்றது நெசந்தான் அய்யா. ஆனா செம்பு இப்ப நல்ல வெல."

"புது வீட்டுல எங்கன வைப்ப? வாசல்லயே நுழையாது," என்றேன் அவளிடம்.

"பக்கச் சந்து வழியா உருட்டிட்டுப் போயி முத்தத்துல வைப்பேன். மழ முத்தத்துலதான பெய்யும்? ஒங்க மேசை மேலயா பெய்யும்?"

வண்டியைக் கயிறு போட்டு அளந்தேன். அண்டாக்களும் என் மேசையும் சேர்ந்து ஏறாது. மேசையில் நான் தினமும் எழுதுகிறேன். விதிப்படி அதுதான் வண்டியில் ஏற வேண்டும். ஒரு தம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் எனக்குத் தெளிந்துவிட்டது. விதி எங்கள் கையை மட்டும் கணக்கில் எடுத்தது, வானத்தை எடுக்கவில்லை. ஒரு சாமான் எத்தனை நாள் சும்மா கிடந்தது என்று கேட்பதைவிட, எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்பதே சரி. குவியலிலிருந்து, புயல் நாளில் ஏற்றும் அரிக்கேன் விளக்கை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தேன்.

குவியலில் கிடந்த பழைய தொட்டிலைக் காட்டி, "இது எதுக்குக் காத்திருக்கு?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையால் தொட்டிலின் தூசியைத் துடைத்தாள். "ஒண்ணுக்குமில்ல. எதுத்த வீட்டுப் பொண்ணு முழுகாம இருக்கு, குடுத்துருங்க."

மேசையைப் பாயிடமே விற்றேன். "தெனம் எழுதுற மேசையவா அய்யா குடுக்குறீக?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

அந்த ஐப்பசியிலும் மழை இல்லை. புளி போட்டு விளக்கிப் புது வீட்டு முற்றத்தில் வைத்த அண்டாக்களைத் தை மாதம் அவள் கவிழ்த்து வைத்தாள். மாசியில் அதே பாய் எங்கள் தெருவுக்கு வந்து, எட்டிப் பார்த்தார்.

"வெல ஏறியிருக்கு அய்யா. இன்னமுமா வச்சிருக்கீக?"

"மழைக்கு வச்சிருக்கோம்."

"எந்த மழைக்கு?"

"வர்ற மழைக்குத்தான். போன மழைக்கு எவன் பாய் அண்டா வைப்பான்?"

அடுப்படியில் அவள் சிரிப்பது கேட்டது. பாய் சொன்ன விலை நல்ல விலைதான். நான் மடியிலிருந்த பலகையைச் சரிசெய்துகொண்டு எழுத்தைத் தொடர்ந்தேன்.