நான் அரைத்த கொஜ்ஜு

ஒசூரில் இப்போது எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் சுட்ட கோழியோடு சிவப்பாக ஒரு சாஸைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். தொட்டு நாக்கில் வைத்தால் முதலில் சர்க்கரை, பிறகு வினிகர், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நான் முகத்தைச் சுளித்தால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சுட்ட கறிக்கு மேலே எதைத் தடவ வேண்டும், எப்போது தடவ வேண்டும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அது என் சொத்தாக இருந்தது. என்னிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஆனேக்கல் பக்கத்திலிருந்து ராயக்கோட்டைக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். எங்கள் வீட்டில் பேசுவது பாதி தமிழ், பாதி கன்னடம். புகுந்த வீட்டில் நான் வாயைத் திறந்தாலே கேலி. நகை நட்டு என்று பெரிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்த வெண்கலப் பானைகளும் வந்த வாரமே மாமியாரின் பரணில் ஏறிவிட்டன. என்னுடையது என்று அந்த வீட்டில் மிஞ்சியது, என் அம்மாவிடம் நான் கற்ற கொஜ்ஜு மட்டும்தான்.

கொஜ்ஜு என்றால் புளிப்பும் காரமும் இனிப்பும் சேர்ந்த கெட்டியான தொடுகறி. களிக்கும் சோற்றுக்கும் தொட்டுக்கொள்வது. அம்மா அதைச் சுட்ட கறிக்குத் தகுந்தபடி மாற்றி வைத்திருந்தாள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தோலோடு தணலில் புதைத்துச் சுட வேண்டும். தக்காளியும் அப்படியே, தோல் கருகி வெடிக்கும் வரைக்கும். மிளகாய் மைசூர்ச் சீமையிலிருந்து வருகிற, தோல் சுருங்கின மிளகாயாக இருக்க வேண்டும். நல்ல நிறம் கொடுக்கும், வாயைப் புண்ணாக்காது. புளி கறுத்துப்போன பழைய புளி. இவற்றோடு வறுத்துப் பொடித்த உச்செள்ளு. ராகிக் கொல்லையின் ஓரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அந்தச் செடியின் மெல்லிய கறுப்பு விதை. அதன் வாசனைதான் கொஜ்ஜுக்கு உயிர்.

எல்லாவற்றையும் அம்மியில் அரைத்து இரண்டு பங்காக்குவேன். ஒரு பங்கைத் தண்ணீராகக் கரைத்து, வெங்காயத் தாளைக் கொத்தாகக் கட்டி அதில் நனைத்து, கறி வேக வேகத் தடவுவேன். இன்னொரு பங்கில் வெல்லம் போட்டுச் சுண்டக் காய்ச்சி வைத்துக்கொள்வேன். கறி வெந்து, தணல்மேல் சாம்பல் பூத்த பிறகுதான் அதைப் பூச வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே பூசினால் வெல்லம் தீய்ந்து கறியெல்லாம் கசந்துவிடும். புகுந்த வீட்டில் இதெல்லாம் கிடையாது. உப்பையும் மஞ்சளையும் மிளகாய்த்தூளையும் பிசறி நெருப்பில் வீசிவிட்டு, வெந்ததும் வேகாததுமாகத் தின்பார்கள். உச்செள்ளை அவர்கள் செக்குக்குத்தான் அனுப்புவார்கள்; பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும்.

நான் முதல்முறை உச்செள்ளை வறுக்க உட்கார்ந்தபோது மாமியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். “இதென்னாடி கூத்து? மாட்டுக்குப் போடறத மனுசனுக்கு அரைக்கற?” என்றார். ராகிப் போர் அடித்து முடிகிற அன்று ஆள்காரர்களுக்கு ஆடு அறுத்துக் களத்திலேயே சுட்டுக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். அந்தக் கறிக்கு நான் கொஜ்ஜு பூசினேன். எல்லோரும் விரல்களைச் சூப்பிக்கொண்டு போனார்கள். மாமனார் வாயிலிருந்து நல்ல வார்த்தை லேசில் வராது. அவரே, “இனிமே களத்துக் கறி அந்தப் பொண்ணு பொறுப்பு” என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டில் மூச்சு விட்டேன்.

அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. மாமியாருக்கு எப்போது கோபம் வரும், எதைச் சொன்னால் அடங்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். என் கன்னடத்தைக் கேலி செய்யாமல் கற்றுக்கொண்டவளும் அவள்தான். சமையல் மட்டும் அவளுக்கு ஆகாது. களி கிண்டச் சொன்னால் அடி பிடிக்கவிட்டு, பழியை அடுப்பின்மேல் போடுவாள். நான் அவள்மேல் உயிரையே வைத்திருந்தேன்.

அவளைப் பெண் கேட்டு கல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு வாங்க வந்தவர், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று இரண்டு உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றுவிட்டார். அன்று பார்த்து எங்கள் வீட்டில் போர் அடித்து முடித்த நாள். எல்லோரும் களத்தில் இருந்தோம். நான் தணல் முன்னால் முகமெல்லாம் கரியோடு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பேச்சு முடிவதற்கு முன்னால் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். வெற்றிலை பாக்கோடு சரி. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். அதனால் கறி வேண்டாம் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆனால் நான் வெல்லக் கொஜ்ஜைப் பூச ஆரம்பித்த நேரம் காற்று அவர் பக்கம் அடித்தது. பேச்சுக்கு நடுவில் மூக்கு தணல் பக்கமே போய்ப் போய் வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இலையில போட்டாத்தானே சாப்பாடு? கையில ஒரு துண்டு வாங்கினா அதெப்படி கணக்குல வரும்?” என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். ஒரு துண்டு போயிற்று. இரண்டாவது துண்டுக்கு வைக்கோல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட வந்தவர் அவர் தோளைத் தொட்டு, “மாமா, கை நனைச்சிட்டீங்களே” என்று காதோடு சொன்னார். அவர் புறங்கையை நக்கியபடியே சிரித்தார். “நனைச்சாச்சு. இனிமே என்னா? தாம்பூலத்த எடுங்க” என்றார். அப்புறம்தான், “யாரு கைப்பக்குவம் இது? சென்னாகிதே!” என்று கன்னடத்திலும் ஒரு பாராட்டு.

“வேற யாரு? நம்ம பொண்ணுதான்” என்றார் என் மாமியார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

வெங்காயத் தாள் கொத்து என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கூலிக்கு வந்தவள் என்றே நினைத்துவிட்டார். “அந்தம்மாகிட்ட இன்னும் ரெண்டு துண்டு வாங்கியா” என்று உறவுக்காரரை அனுப்பினார். நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற இடத்தில் பஜ்ஜி முதல் பாயசம் வரைக்கும் எல்லாவற்றையும் பெண்தான் செய்தாள் என்று சொல்லாத வீடு உண்டா? அந்தப் பொய்யை யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை. நாத்தனார் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “அண்ணீ, என் கல்யாணத்த முடிச்சதே நீங்கதான். தாலி ஏறட்டும், இது உங்க கொஜ்ஜுன்னு நானே அங்க எல்லாருகிட்டயும் சொல்லிடறேன்” என்றாள். நான் கேட்காமல் அவளாகச் சொன்ன வார்த்தை அது.

போகிற இடத்தில் அவள் முழிக்கக் கூடாதே என்று கல்யாணத்துக்கு முன்னால் அவளை அடுப்படியில் உட்காரவைத்துக் கொஜ்ஜு போடக் கற்றுக்கொடுத்தேன். எதையும் மறைக்கவில்லை. உச்செள்ளு எந்த நேரத்தில் வெடிக்கும், எப்போது சட்டியை இறக்க வேண்டும் என்பது வரைக்கும் சொன்னேன். களியைத் தீய்த்தவள் இதைத் தீய்க்காமல் கற்றுக்கொண்டாள். மறுவீடு போகும்போது வறுத்த உச்செள்ளு ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அவள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் கணவரும் மாமியாரும் வண்டி கட்டிக்கொண்டு போனோம். போய் இறங்கியதிலிருந்து ஒரே பேச்சு: மருமகளின் கொஜ்ஜு. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் கேட்டு வாங்கிப் போகிறார்களாம். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். மத்தியானம் தணல் மூட்டினார்கள். பழக்க தோஷத்தில் நான் போய் அதன் முன்னால் உட்கார்ந்து வெங்காயத் தாளைக் கையில் எடுத்தேன்.

நாத்தனாரின் மாமியார் என் கையிலிருந்து அதை மெல்லப் பிடுங்கினார். “நீ எந்திரிம்மா. கெடுத்துடப்போற. எம்மருமக வரட்டும்” என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதோ அவள் வருவாள், சொல்வாள் என்று காத்திருந்தேன். வந்தாள். தாள் கொத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். “ஏம்மா, உங்கண்ணிக்கு இதெல்லாம் தெரியுமா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

அவள் தணலைப் பார்த்தபடி பதில் சொன்னாள். “நாந்தான் அத்த கத்துக்குடுத்தேன். எங்க வீட்டுக்கு வந்தப்ப அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது. மாட்டுத் தீனி எது, மனுசன் திங்கறது எதுன்னே தெரியாது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமியார் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், அவர் அப்படித்தான். இவள் சொன்னாள். நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். முதல் வருஷம் களத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விறகு தள்ளியவர் அவர். “நீங்க சொல்லுங்க” என்றேன்.

வாய் நிறையக் கறி அவருக்கு. மென்று விழுங்கிவிட்டு, “ஆமா, எந்தங்கச்சிதான் கத்துக்குடுத்தா” என்றார். யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. சும்மா தலையாட்டிவிட்டு இருந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு ஒரு முழு வாக்கியமாகச் சொன்னார்.

அன்று நான் ஒரு துண்டு கறிகூடத் தொடவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. திரும்பி வருகிற வழியில் மாமியார் வண்டியில் தூங்கிவிட்டார். நான் என் கணவரைக் கேட்டேன்.

“ஏங்க, உங்களுக்குத் தெரியாதா அது யாரு கொஜ்ஜுன்னு?”

“தெரியும். அதுக்கென்னா இப்ப? அவ அங்க நல்ல பேரு எடுத்திருக்கா. கொஜ்ஜுதானே, நீ என்னாத்துக்கு இவ்ளோ பெருசு பண்ற?”

“உங்க மேட்டு நெலத்த ஒருத்தன் தன்னுதுன்னு சொன்னா, நெலந்தானேன்னு விட்டுடுவீங்களா? கோர்ட்டுக்குப் போயிருப்பீங்க.”

“நெலமும் கொஜ்ஜும் ஒண்ணா?” என்று மாட்டை அதட்டினார். அவருக்கு நிலம் இருந்தது, ஊர் இருந்தது, பேர் இருந்தது. அவருக்கு எப்படிப் புரியும்?

நாத்தனார் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெந்நீர் வைத்தேன், எண்ணெய் தேய்த்தேன், பத்தியம் சமைத்தேன். இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், மாமியார் கிணற்றடிக்குப் போயிருந்த சமயம், நானே கேட்டுவிட்டேன். “ஏன்டி அப்டிச் சொன்ன?”

அவள் அழுதாள். “அண்ணீ, அந்த வீட்டுல எனக்குன்னு வேற ஒண்ணுமே இல்ல. அது ஒண்ணுதான் இருக்கு. அதையும் நான் சொல்லி விட்டுட்டா?”

“எனக்கும் அது ஒண்ணுதான்டி இருந்துச்சு” என்றேன்.

அவள் குழந்தையைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தெரிந்தே செய்திருக்கிறாள். ஒரு பெண்ணிடம் ஒன்றே ஒன்று இருந்தால் அதன் அருமை என்ன என்று என்னைப் போலவே அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எடுத்துக்கொண்டாள். அவள் அழுததைப் பார்த்து என் மனசு இளகும் என்று எதிர்பார்த்தேன். இளகவில்லை. அவள் ஊருக்குத் திரும்பிய நாள் வாசல்வரை போய் வழியனுப்பினேன். வறுத்த உச்செள்ளு மட்டும் கட்டிக் கொடுக்கவில்லை.

அவள்கூடப் பயத்தில் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளலாம். என் மாமியார் செய்ததைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. அந்த வருஷம் களத்துக் கறி சுடும்போது புதிதாக வந்த ஆள்காரி ஒருத்தி கொஜ்ஜை வாயாரப் புகழ்ந்தாள். மாமியார், “எம்பொண்ணு கைப்பக்குவம் அது. இவளுக்கு அவதான் பழக்கிவிட்டா” என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைக் கேலி செய்த அதே அம்மாள், தான் விட்ட புளுகைத் தானே நம்ப ஆரம்பித்திருந்தார். மாமனார் அதற்குள் காலமாகிவிட்டார். உண்மையைச் சொல்லக்கூடிய வாய் என்று அந்த வீட்டில் என் வாய் ஒன்றுதான் மிச்சம், அதை யாரும் கேட்பதாக இல்லை. சொன்னால், நாத்தனார்மேல் பொறாமை என்பார்கள். ஒரு முறை சொல்லியும் பார்த்தேன். அதைத்தான் சொன்னார்கள்.

சில வருஷம் போய் என் மகளுக்கு விவரம் தெரிகிற வயது வந்தது. அத்தை ஊருக்குப் போய்ப் பண்டிகை முடித்து வந்தவள், எங்கள் வீட்டில் ஒருநாள் ஆடு அறுத்தபோது அடுப்படிக்கு ஓடிவந்தாள். நான் அம்மியில் மிளகாய் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, அத்தை கொஜ்ஜு பண்றியா?” என்றாள்.

கை நின்றுவிட்டது. உன் அத்தையுடையது இல்லையடி, என்னுடையது, என் அம்மாவுடையது என்று சொல்ல வந்தேன். வாசலில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்க் கேட்பாள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் குழவியைத் தள்ளினேன். வெங்காயம் சுட்டேன், உச்செள்ளு வறுத்தேன், எல்லாவற்றையும் முறைப்படி செய்து, தணல் சாம்பல் பூத்த பிறகு கறிமேல் வெல்லக் கொஜ்ஜைப் பூசி, முதல் துண்டை ஊதி அவள் வாயில் வைத்தேன்.

மென்று பார்த்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. “நல்லாருக்கும்மா” என்றாள். “அப்டியே அத்தை செய்யற மாதிரியே இருக்குது.”