இடக்காதுக்கு எட்டாத சமாதானம்

முதலில் நான் செல்போனைத்தான் சந்தேகப்பட்டேன். இடக்காதில் வைத்தால் எதிர்முனையில் பேசுகிறவர்கள் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார்கள். வலக்காதுக்கு மாற்றினால் மேலே ஏறி வந்துவிடுவார்கள். தி. நகரில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் தன் காதில் வைத்துப் பார்த்தார். திருப்தியில்லாமல் பக்கத்துக் கடைக்காரர் காதிலும் வைத்துப் பார்த்தார்.

“ஃபோன்ல ஒண்ணியும் இல்ல மேடம். சவுண்டு சும்மா கும்முனு கீது. காதைப் போய்க் காட்டுங்க” என்றார்.

கணக்கு டீச்சருக்கே புத்தி சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே இன்னொரு கடையில் புது ஃபோன் வாங்கினேன். அதிலும் எல்லோரும் கிணற்றுக்குள்தான் இருந்தார்கள்.

அடுத்து வந்தது இரைச்சல். விடாமல் ஒரே சீராக ‘ஙொய்’ என்று. கீழ் வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்று நினைத்து இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். “மோட்டார் ரிப்பேராயி கடைல கெடக்கு டீச்சர்” என்றார் அந்த வீட்டுக்காரர். படியேறி வரும்போது கால் லேசாகத் தள்ளாடியது. அப்போதுதான் முதன்முதலாகப் பயந்தேன்.

ஸ்கேன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு மருத்துவமனை நடைபாதையில் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தைரியம் சொல்லப் போவதில்லை, என்னிடமே அது கைவசம் இல்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காது மருத்துவர் என்னை ஒரு சிறிய கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் செவித்திறன் சோதனை (எவ்வளவு மெல்லிய ஒலிவரை காதுக்குக் கேட்கிறது என்று அளப்பது) செய்யச் சொன்னார். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலக்காதுக்கு மளமளவென்று அழுத்தினேன், வகுப்பில் முதலாவதாகக் கை தூக்கும் பிள்ளையைப் போல. பிறகு இடக்காது. ஒன்றுமே வரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்ததும் அவள் தலை குனிந்துகொண்டாள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளை அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். செவி நரம்புக் கட்டி (கேட்பதற்கும் நிலையாக நிற்பதற்கும் உதவும் நரம்பின் உறையில் மெதுவாக வளரும் கட்டி, புற்றுநோய் அல்ல). ‘அல்ல’ என்பதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியடைய முயன்றேன். அவர் விடவில்லை.

“கொட்டைப்பாக்கு சைஸ்ல இருக்கு. மூளைத்தண்டைத் தொட ஆரம்பிச்சிருச்சு, விட்டு வைக்க முடியாது. லெஃப்ட் காது போனது போனதுதான். முகத்து நரம்பு கட்டிமேலேயே ஒட்டி ஓடுது. அதைக் காப்பாத்தத்தான் பார்ப்போம்.”

“காப்பாத்த முடியலன்னா?”

“முகம் ஒரு பக்கம் தொங்கும். கண்ணு மூடாது.” படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே, “மூளைக்குப் பக்கத்துல கைவைக்கிற ஆபரேஷன். ரிஸ்க்கே இல்லன்னு சொல்ல மாட்டேன்” என்றார்.

எவ்வளவு நாளாக இந்தக் காது இப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். “ரொம்ப நாளாவே. மெதுவாப் போனதால உங்களுக்குத் தெரியல. லெஃப்ட் சைடுல யாராவது நின்னு கூப்பிட்டிருந்தா உங்களுக்குக் கேட்டே இருக்காது” என்றார். பிறகு, “கூட யாரு வந்திருக்காங்க?”

“யாரும் வரல.”

“ஆபரேஷனுக்கு முன்னாடி சொந்தக்காரங்க ஒருத்தர் வேணும் டீச்சர். தனியா வராதீங்க.”

எனக்கு இருக்கும் ஒரே சொந்தம் என் தங்கை ஸ்டெல்லா. அவள் என்னோடு பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஏன் பேசவில்லை என்பது ‘லெஃப்ட் சைடுல கூப்பிட்டிருந்தா’ என்று மருத்துவர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் எனக்கு விளங்கியது.

நாங்கள் மயிலாப்பூர்க் கத்தோலிக்கக் குடும்பம். ஸ்டெல்லா ஹமீதைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு கே.கே. நகருக்குப் போனாள். அம்மா கடைசிவரை மருமகனுக்குச் சோறு போட்டாள், முகம் பார்த்துப் பேசவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடு இருந்துவிட்டேன். அம்மா போன பிறகு, ஆண்டுதோறும் அவள் பெயரில் நடக்கும் நினைவுப் பூசைதான் அக்கா தங்கையைச் சேர்த்து வைத்திருந்தது.

பூசையில் அப்பம் வாங்கும் நற்கருணைக்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. குருவானவர் சொன்னதும் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துக் கைகூப்பி ‘சமாதானம்’ என்று சொல்ல வேண்டும். வாய்க்கால் வரப்புச் சண்டை உள்ளவர்கள்கூட அந்த ஒரு நேரம் சொல்லிவிடுவார்கள். சொன்னவருக்குப் பதில் சொல்லாமல் நிற்பது எங்களிடையே சின்ன விஷயமில்லை. கோயிலுக்குள் வைத்து உறவை அறுத்ததாகத்தான் அர்த்தம்.

கட்டி தெரியவருவதற்கு முன் நடந்த பூசைக்கு ஸ்டெல்லா வழக்கம்போலத் தாமதம். அவள் வரவே மாட்டாள் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். வலப்பக்கம் நின்ற அம்மாளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, அம்மாவை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பூசை முடிந்து திரும்பினால் ஸ்டெல்லா வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், நிற்கவில்லை. வந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் போகிறாளே என்று எனக்கும் ரோஷம். நானும் ஃபோன் செய்யவில்லை.

மருத்துவர் அறையிலிருந்து வெளியே வந்து, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தே அவளுக்கு ஃபோன் செய்தேன், வலக்காதில் வைத்து.

“அன்னிக்குப் பூசையில நீ என் லெஃப்ட்லயா நின்ன?”

“மூணு தடவை சொன்னேன்க்கா. கையைக் கூப்பிக்கிட்டு மூணு தடவை. நீ கண்ணை மூடிக்கிட்டுக் கல்லு மாதிரி நின்ன. சுத்தி இருந்த எல்லாரும் பாத்தாங்க.”

“கேக்கலடி ஸ்டெல்லா. சத்தியமாக் கேக்கல. காதுல கட்டி இருக்காம். தலையைத் திறக்கணுங்கறாங்க.”

மறுமுனையில் சத்தமே இல்லை. அவள் ஃபோனை வைத்துவிட்டாளா, இல்லை என் வலக்காதும் போய்விட்டதா என்று தெரியவில்லை. அந்தச் சில நொடிகளில் எனக்கு வந்த பயம் அறுவைக் கத்திக்கு முன்னால்கூட வரவில்லை. பிறகு அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கேட்டது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இருவர் தங்கும் அறை. பக்கத்துக் கட்டிலில் மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து வந்த ஒரு மாமி, முதுகுத்தண்டு அறுவைக்காகக் காத்திருந்தார். சாயங்காலம் கண்மூடி எதையோ முணுமுணுத்து, கடைசியில் ‘சாந்தி’ என்று மூன்று முறை சொன்னார். சொல்லும்போது அவர் கை போர்வையை இறுக்கிப் பிசைந்துகொண்டிருந்தது.

“எதுக்கு மாமி மூணு தடவை?” என்று கேட்டேன். எனக்கு அந்த எண்ணிக்கை வேறு காரணத்துக்காக உறுத்திக்கொண்டிருந்தது.

“தெய்வத்தால வர்ற கஷ்டம் ஒண்ணு. மத்தவாளால வர்றது ஒண்ணு. நம்ம உடம்பாலயும் மனசாலயும் நமக்கே வர்றது ஒண்ணு. மூணும் அடங்கணும்னு சொல்றது. இந்த டாக்டர் எந்தக் கணக்குல வரார்னுதான் தெரியல.”

சிரித்தோம். உடனே மாமி என் பக்கம் சாய்ந்து, “நேக்கு ரொம்பப் பயமா இருக்குடிம்மா. ஆத்துல யார்ட்டயும் சொல்லல. சொன்னா அவா அழுதுண்டு நிப்பா” என்றார். இத்தனை வருடம் சாந்தி சொன்னவருக்கும் பயம் போகவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இல்லை, பக்கத்தில் துணை கிடைத்ததுபோல இருந்தது. “எனக்கும்தான் மாமி” என்றேன்.

அறுவைக்கு விடிகாலையில் கூட்டிப் போனார்கள். முடியின் ஒரு பகுதியை மழித்திருந்தார்கள், குளிர்ந்தது. லிஃப்டுக்காக ஸ்ட்ரெச்சரை நடைபாதையில் நிறுத்தினார்கள். ஸ்டெல்லா என் வலக்கையைப் பிடித்திருந்தாள். ஜெபம் சொல்லப் பார்த்தேன், பாதியில் வார்த்தை மறந்துபோனது. சின்ன வயதிலிருந்து சொல்லும் ஜெபம்.

சுவரோரம் ஹமீது துண்டு விரித்துத் தொழுது முடிக்கும் கட்டத்தில் இருந்தார். முகத்தை வலத் தோள் பக்கம் திருப்பி ஏதோ சொன்னார். பிறகு இடத் தோள் பக்கம் திருப்பினார். அவருடைய இடப்பக்கம்தான் என் ஸ்ட்ரெச்சர். உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. எழுந்து வந்தார்.

“இப்ப என்ன சொன்னீங்க ஹமீது?”

“ஸலாம்தான்க்கா, சமாதானம்னு அர்த்தம். தொழுகையை அப்படித்தான் முடிப்போம். வலப்பக்கம் சொல்லிட்டு இடப்பக்கமும் சொல்லணும்.”

“அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?”

“கூடத் தொழுவுறவங்க இருப்பாங்க. வானவங்க, அதான் தேவதூதருங்க, இருப்பாங்க. தனியாத் தொழுதாலும் சொல்லணும்க்கா. இன்னிக்கு நீங்க இருந்தீங்க.”

எங்கள் அம்மா முகம் பார்த்துப் பேசாத மனிதர் அவர். லிஃப்ட் வந்தது. உள்ளே போகும்போது நான் நினைத்தது கடவுளை அல்ல. செத்தால்கூடப் பரவாயில்லை, அன்று பூசையில் எனக்குக் கேட்கவில்லை என்பது ஸ்டெல்லாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மூச்சிலேயே, ஐயோ, சாகக் கூடாது என்று மனம் கத்தியது. மயக்க மருந்து ஏறும்வரை அது கத்திக்கொண்டேதான் இருந்தது.

கண் விழித்தபோது அறை சுற்றியது. சுற்றியது என்று எழுதுவது சுலபம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே விழுந்துவிடுவேன் என்று படுத்தபடியே அழுதேன். வாந்தி ஓயவில்லை. இடக்காது முழுதாகச் செத்துவிட்டது, ஆனால் இரைச்சல் மட்டும் அதற்குள் உயிரோடு இருந்தது. செவிட்டுக் காதில் எப்படிச் சத்தம் என்று கேட்டேன். காது அனுப்பாத ஒலியை மூளை தானாகவே உண்டாக்கிக்கொள்கிறது என்றார் மருத்துவர். அமைதி என்றால் சத்தமில்லாமல் இருப்பது என்று அதுவரை நம்பியிருந்தேன். அப்படியானால் எனக்கு இனி அது கிடையாது.

முகத்தின் இடப்பக்கம் தொங்கியது. தண்ணீர் குடித்தால் ஓரமாக வழிந்தது. கண் மூடாததால் ஸ்டெல்லா சொட்டு மருந்து விட்டு, இமையைக் கீழே இழுத்து பிளாஸ்திரி ஒட்டித் தூங்க வைப்பாள். கண்ணாடி பார்க்க மறுத்தேன். அறுவை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய மாமி என் கட்டிலருகே நின்று, “பேச்சு தெளிவா இருக்கே, அது போறும் இப்போதைக்கு” என்றார். அந்த ‘இப்போதைக்கு’ எனக்குப் பிடித்திருந்தது.

நரம்பு அறுபடவில்லை, கசங்கியிருக்கிறது, மெல்ல மீளும் என்றார்கள். நரம்போடு பிரிக்க முடியாத ஒரு துணுக்குக் கட்டியை அப்படியே விட்டிருந்தார்கள். அது வளர்கிறதா என்று வருடந்தோறும் ஸ்கேன் பார்க்க வேண்டும். ஸ்கேன் நெருங்கும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை. உங்களுக்கும் அப்படி இருந்தால் நீங்கள் கோழை அல்ல.

சமநிலைப் பயிற்சி (போன காதின் வேலையைக் கண்ணும் கழுத்தும் காலும் கற்றுக்கொள்வது) என்று ஒன்று கொடுத்தார்கள். கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, பார்வையை அதிலேயே வைத்து, தலையை வலப்பக்கம் திருப்ப வேண்டும். பிறகு இடப்பக்கம். வலம் சுலபம். இடம் திரும்பினால் தரை சரிந்து வரும். ஹமீது ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஸலாம் கொடுக்கற மாதிரியே இருக்குக்கா” என்றார். “ஆமா, இந்தப் பக்கம் வானவங்களக் காணோம், வாந்திதான் வருது” என்றேன். ஸ்டெல்லா அடக்க முடியாமல் சிரித்தாள். என் முகத்திலும் வலப் பாதி சிரித்தது.

மாதங்கள் போக, வாய் ஓரளவு நேரானது. கண் முக்கால்வாசி மூடுகிறது. வகுப்பில் இடப்பக்கச் சுவரோரம் நின்று பாடம் நடத்துகிறேன், எல்லாப் பிள்ளைகளும் வலப்பக்கம் இருக்கும்படி. தெருவில் நடக்கும்போது இடப்பக்கம் எனக்கு உலகமே இல்லை. மயிலாப்பூர்க் குளக்கரை நெரிசலில் ஆட்டோக்கள் அந்த இல்லாத பக்கத்திலிருந்துதான் பாய்ந்து வருகின்றன.

அம்மாவின் நினைவுப் பூசை மறுபடியும் வந்தது. ஸ்டெல்லா இந்த முறை எனக்கு முன்பே வந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். நான் உட்கார்ந்தால் அவள் என் இடப்பக்கம் வருவாள்.

“வலது பக்கம் வாடி. லெஃப்ட்ல இருந்தா கேக்காது.”

“கேக்க வேணாம். நீ திரும்பு” என்றாள்.

சமாதானம் சொல்லும் கட்டம் நெருங்க நெருங்க, தலை சுற்றி எல்லோர் முன்னாலும் விழுந்துவிடுவேனோ என்று பயம். குருவானவர் சொன்னார். வலப்பக்கம் நின்றவருக்குக் கைகூப்பினேன். பிறகு ஒரு கையால் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலைப் பார்ப்பது போல ஒரே புள்ளியைப் பார்த்து, இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்தேன். தரை சரிந்தது. நின்றேன். மறுபடி கொஞ்சம் திரும்பினேன். அதற்குள் கோயிலில் எல்லோரும் சொல்லி முடித்து முன்னால் திரும்பிவிட்டார்கள், அடுத்த பாட்டும் தொடங்கிவிட்டது.

ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திரும்ப எனக்கு இப்போது இவ்வளவு நேரமாகிறது. நான் திரும்பி முடிக்கும்வரை ஸ்டெல்லா கூப்பிய கையை இறக்கவில்லை.